உப்புத் தண்ணீரும் ஒரு பட்டர் ஃப்ரூட் கொட்டையும்

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வைத்த மரங்களுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட்டும் நிற்கும். சிறுமலையிலும் ஏற்காட்டிலும் நீலகிரியின் கீழ்ச் சரிவுகளிலும் அது உண்டு. ஜூலை பிறந்தால் செப்டம்பர் வரை அந்த மலைகளிலிருந்து பழம் இறங்கும். கோயம்பேடு வழியாக ராயபுரத்துத் தள்ளுவண்டிக்கும் திருவொற்றியூர் ஜூஸ் கடைக்கும் வந்து சேரும். கடையில் பழத்தை இரண்டாகப் பிளந்து, சதையை மிக்ஸியில் வழித்துப் போட்டுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள். "அண்ணே, ரெண்டு கொட்டை எடுத்து வைங்க" என்று சொல்லி வைத்தால் போதும், காசில்லாமல் கிடைக்கும்.

அந்தக் கொட்டையை முளைக்க வைப்பது எளிது. பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். எண்ணூர்க் காற்றிலும் திருவொற்றியூர்த் தண்ணீரிலும் அதை மரமாக வளர்ப்பதுதான் கடினம். எங்கே கடினமாகிறது, ஏன் ஆகிறது என்று தேடிப் போனால் வடசென்னையின் நிலத்தடி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

முதலில் கொட்டை. மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல். அதை உரித்துவிட்டு நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக இருந்த கீறல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வரும். செல்கள் உடைந்ததும் அவற்றிலுள்ள பீனால் பொருட்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நிறம் அது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை வேதிவினையால்தான். கொட்டையைப் பிளந்தால் இரண்டு கனத்த பருப்புகள் இருக்கும், இரண்டும் விதையிலைகள். அவற்றை இணைத்துக்கொண்டு சிறு முனை ஒன்று ஒட்டியிருக்கும். மரமாகப் போவது அந்த முனை மட்டுமே. மற்றதெல்லாம் அதற்குத் தாய்மரம் கட்டிக் கொடுத்த சாப்பாடு.

இவ்வளவு பெரிய கொட்டை எதற்கு? இதற்கு 1982-ல் டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். பட்டர் ஃப்ரூட்டின் பூர்வீகமான மத்திய அமெரிக்கக் காடுகளில் இப்படிப்பட்ட பெரிய பழங்களை முழுசாக விழுங்கி, விதையைத் தொலைவில் சாணத்தோடு போட்ட பெரிய விலங்குகள் முன்பு இருந்தன. யானைக்கு உறவான கோம்போதீர்களும் மாபெரும் தரைவாழ் ஸ்லாத்களும் அவற்றில் அடக்கம். சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவை அழிந்துபோக, பழங்கள் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டன என்றார்கள். இது கருதுகோள்தான். ஆனாலும் இன்று அந்தக் கொட்டையை முழுசாக விழுங்கித் தூக்கிச் செல்லும் காட்டு விலங்கு அங்கே அநேகமாக இல்லை. அந்த வேலையை இப்போது மனிதர்கள் செய்கிறோம்.

நெல்லையும் துவரையையும் வெயிலில் காயவைத்துக் குதிரில் போட்டு அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். ஈரத்தை ஐந்து சதவீதம் வரை இறக்கினாலும் அவை சாகா. பட்டர் ஃப்ரூட் கொட்டைக்கு அந்தத் திறமை கிடையாது. ஈரம் இருபது, முப்பது சதவீதத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். விதைகளை இப்படி இரண்டு வகையாக, உலரத் தாங்குபவை, உலரத் தாங்காதவை என்று 1973-ல் பிரித்துக் காட்டியவர் பிரிட்டிஷ் விதை அறிஞர் ஈ. எச். ராபர்ட்ஸ். மா, பலா, ரப்பர் எல்லாம் இரண்டாவது வகை. எப்போதும் ஈரமான காட்டுத் தரையில் விழும் விதைக்குக் காத்திருக்கும் கலை தேவைப்படவில்லை. விழுந்தவுடன் முளைத்தால் போதும். ஆகவே ஜூஸ் கடையில் வாங்கிய கொட்டையை வெயிலில் காயவைக்காதீர்கள். கழுவி அன்றைக்கே நடுங்கள். முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதையும் உலரத் தாங்காதது. தாய்மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிடத் தொடங்கி, தண்ணீரில் விழுந்ததும் வேர் பிடிக்கும். விதையின் குணத்தில் மலைமரமும் உப்பங்கழி மரமும் ஒரே கட்சி. உப்பு விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். அதைப் பிறகு சொல்கிறேன்.

நடும்போது கொட்டையின் அகன்ற பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே. அடியிலிருந்து வேர் வரும். உச்சியில் பிளந்து தண்டு வரும். பல் குச்சி குத்தி டம்ளர் தண்ணீர் மேல் தொங்கவிடும் முறை எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் வேரைக் கண்ணால் பார்க்க அது நல்லது. மரம் வேண்டும் என்றால் மண்ணிலேயே நடுவதுதான் சரி என்பது என் முடிவு. தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்கு மாறும்போது பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். நாற்றங்கால்காரர்கள் கொட்டையை 49, 50 டிகிரி சூட்டு நீரில் அரை மணி நேரம் போட்டெடுத்துத்தான் நடுவார்கள். வேரழுகல் கிருமி அதில் சாகும், கரு சாகாது. வெப்பமானி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கைச்சூட்டை நம்பிச் செய்தால் கொட்டை வெந்துவிடும்.

சில வாரங்களில் கொட்டை வெடிக்கும். முதலில் வேர், பிறகு செந்நிறத் தண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பெரிய, பளபளப்பான இலைகள். முதல் இரண்டு மூன்று மாதங்கள் செடி கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த மாதங்களில் செடி முக்கியமாகச் சாப்பிடுவது தாண்டிக்குடி மண்ணின் சாப்பாடு. விதையிலைகளில் வந்த இருப்பு. அது தீர்ந்து, செடி தன் வேரை நம்பி உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும்போதுதான் வடசென்னை அதன் இலையில் தெரிய ஆரம்பிக்கும்.

அது தெரிகிற விதத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கீழேயுள்ள முதிர்ந்த இலைகளில், நுனியில் மட்டும், ஒரு பழுப்புப் புள்ளி. பிறகு நுனி முழுதும் காய்ந்து, பழுப்பு ஓரங்களில் இறங்கும். காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே எல்லை கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கும். தண்ணீர் போதாமல் வாடினால் இலை முழுக்கத் தொங்கும். இங்கே இலை விறைப்பாகவே இருக்கும், நுனி மட்டும் செத்திருக்கும். மண் தொட்டியில் வைத்திருந்தால் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதையும் பார்க்கலாம். இரண்டும் ஒரே பொருளின் வேலை: உப்பு.

சாப்பாட்டு உப்பு தண்ணீரில் கரைந்தால் சோடியமாகவும் குளோரைடாகவும் பிரியும். பட்டர் ஃப்ரூட் வேர் குளோரைடைத் தடுக்கத் தெரியாதது. தண்ணீரோடு அது ஏறி, தண்ணீர் ஆவியாகப் போகும் கடைசி இடமான இலை நுனியில் தங்கிவிடும். நீர் வெளியே போகும், குளோரைடுக்குப் போக இடமில்லை. நாள்பட நாள்பட அங்கே சேர்ந்து திசுவைக் கொல்லும். அதனால்தான் அதிக நாள் வேலை செய்த முதிர்ந்த இலை முதலில் காய்கிறது.

இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதிப்படி லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1,000 வரை அனுமதி. பட்டர் ஃப்ரூட்டுக்குச் சுமார் 100 மில்லிகிராமிலேயே தொல்லை தொடங்கிவிடுகிறது. அதாவது நாம் குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரே இந்தச் செடிக்குக் கெடுதலாக இருக்க முடியும். 250 மில்லிகிராம் உள்ள தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் தொட்டியில் ஊற்றினால் மாதத்தில் ஏழரை கிராம் குளோரைடு சேரும். சமையல் உப்புக் கணக்கில் பன்னிரண்டு கிராமுக்கு மேல். அடித்துளையில் தண்ணீர் வழியாதபடி அளந்து அளந்து ஊற்றுகிறவர்கள் மாதம் இரண்டு தேக்கரண்டி உப்பைத் தொட்டியில் போடுகிறார்கள் என்று பொருள். போர்வெல் தண்ணீர் என்றால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

போர்வெல்லுக்கு உப்பு எப்படி வந்தது? கடற்கரை நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் கனம் கூடியது. அந்தச் சிறு வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். டச்சுக்காரர் கைபன், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் இருவரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. இதைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால், கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏற வழி திறக்கிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டும் சேர்த்து வைத்த மீஞ்சூர் நிலத்தடி நீரை மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்கும் வயலுக்கும் இறைத்து இறைத்து எடுத்தார்கள். 1960-களின் கடைசியிலேயே அங்கே கடல்நீர் உள்ளே நுழைந்தது பதிவாகிவிட்டது. பின்வந்த ஆண்டுகளில் அது கிலோமீட்டர் கணக்கில் முன்னேறியது. 2010-ல் அதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரை உப்பு நீக்கித் தினம் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் நிலையம் வந்தது. நல்ல தண்ணீர் இருந்த நிலத்துக்குள் கடலை வரவிட்டுவிட்டு, கடலிலிருந்து நல்ல தண்ணீர் எடுக்கச் செலவழிக்கிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

காற்றிலும் உப்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கே நகரும் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமாயிற்று. ராயபுரம் தொடங்கி வடக்கே கரை அரித்து, கடல் தெருவுக்குப் பக்கம் வந்தது. பகலில் எழும் கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துளிகள் ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதை ராயபுரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். காற்று வரும் பக்கத்து இலைகளில் அதே துளிகள்தான் படிகின்றன.

இப்போது வெண்கண்டலுக்கு வருவோம். அதன் வேர் உப்பின் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும். மீறி உள்ளே வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் அதன் இலையைத் தடவினால் விரலில் உப்புத் தூள் ஒட்டும். பட்டர் ஃப்ரூட்டுக்கு இந்த இரண்டு ஏற்பாடும் இல்லை. எரிமலை மண்ணும் மழையும் உள்ள மலைச்சரிவில் பிறந்த மரம், உப்பைச் சந்திக்கத் தயாராகவே இல்லை.

எல்லாப் பட்டர் ஃப்ரூட்டும் மலைமரம் என்றும் சொல்லிவிட முடியாது. இதில் மூன்று இனங்கள் உண்டு: மெக்சிகோ மேட்டுநில இனம், குவாத்தமாலா மலை இனம், மேற்கிந்தியத் தீவு இனம் என்று அழைக்கப்படும் தாழ்நில இனம். மூன்றில் உப்பையும் வெப்பத்தையும் அதிகம் தாங்குவது தாழ்நில இனம். குளோரைடை வேரில் ஓரளவு தடுக்க அதற்கு முடியும். உப்புக் கலந்த தண்ணீரில் தோட்டம் போடும் இஸ்ரேலியர்கள் வோல்கானி ஆய்வு நிலையத்தில் இந்த இனத்திலிருந்து வேர்ச்செடிகளைத் தேர்ந்தெடுத்து, மேலே தங்களுக்கு வேண்டிய ரகத்தை ஒட்டுக் கட்டுகிறார்கள். வேர் ஒருவருடையது, கிளை ஒருவருடையது.

உங்கள் செடி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்க்க மூக்கு போதும். இலையைக் கசக்கி முகருங்கள். சோம்பு வாசனை அடித்தால் மெக்சிகோ ரத்தம் உள்ளது. உப்புக்கு மிகவும் பயப்படும். வாசனை இல்லையென்றால் நம்பிக்கை வைக்கலாம். கலப்பினங்களும் உண்டு என்பதால் இது முழுத் தீர்ப்பு ஆகாது. கொட்டை வாங்கும்போதே கவனிக்க வேண்டுமானால், பெரிய, வழவழப்பான பச்சைத் தோல் பழமாக, சதையில் எண்ணெய் குறைந்து, கொட்டை உள்ளே ஆடுகிறதாகப் பாருங்கள். தாழ்நில இனத்தின் அடையாளங்கள் இவை. கடையில் விலையுயர்ந்து விற்கும் கரடுமுரடான கறுப்புத் தோல் ஹாஸ் பழத்தின் கொட்டை இந்தக் கரைக்குப் பொருந்தாது.

ஹாஸ் பிறந்த கதை கொட்டை நடுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1920-களில் கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் கொட்டைகளை நட்டு, அவற்றின் மேல் பேர்பெற்ற ஃபுவெர்டே ரகத்தை ஒட்டுக் கட்டப் பார்த்தார். ஒரு கன்றில் ஒட்டுப் பிடிக்கவே இல்லை. அதை அப்படியே விட்டார். அது காய்த்த பழம்தான் 1935-ல் காப்புரிமை பெற்று, இன்று உலகச் சந்தையை ஆள்கிறது. பட்டர் ஃப்ரூட் கொட்டை தாயைப்போல் பிள்ளை தராது; ஒவ்வொரு கொட்டையும் புதுச் சீட்டு. பெரும்பாலான சீட்டு சாதாரணமாகத்தான் விழும். நம் ஊரில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மலைத்தோட்டங்களில் இப்படி விளைந்த பலவகை மரங்களுக்குள் நல்லதைத் தேர்ந்தெடுத்து டி.கே.டி.-1 என்ற ரகத்தைக் கொடுத்தது.

ஹாஸின் தாய்மரம் 2002-ல் செத்தது. காரணம் வேரழுகல். அந்தக் கிருமிக்கு ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்று பெயர்; முதலில் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரத்தில் கண்டுபிடித்தார்கள். இலவங்கப்பட்டையும் பட்டர் ஃப்ரூட்டும் ஒரே குடும்பம். ஈரம் தேங்கும் மண்ணில் இந்தக் கிருமியின் நுண்வித்துகள் நீந்தி வேரை அடையும். பட்டர் ஃப்ரூட் வேரில் வேர்த்தூவிகள் இல்லை. உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்து, காற்றை நிறையக் கேட்கும். தண்ணீர் தேங்கி மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தால் மிகச் சீக்கிரமே வேர் சாகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருக்களில் இதைத் தரையில் நடுவது வீண். வெண்கண்டல் இந்தச் சிக்கலையும் தீர்த்து வைத்திருக்கிறது: சேற்றிலிருந்து மேலே நீட்டிய மூச்சுவேர்களால் காற்றை எடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் அலையாத்திகளில் படிந்தபோது, அந்த மூச்சுவேர்களின் துளைகளையே அது மூடியது. இயற்கை கொடுத்த ஏற்பாடு எதுவும் ஆலை எண்ணெயை எதிர்பார்த்துச் செய்ததல்ல.

ஆகவே தொட்டிதான். இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் தொடங்கி, பிறகு பாதியாக அறுத்த பேரலுக்கு மாற்றுங்கள். அடியில் தாராளமாகத் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். செம்மண்ணும் மட்கிய இலையும் கலக்குங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். தேங்காய்நார்க் கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிய பிறகு. உவர்நீரில் ஊறிய நாரில் உப்பு நிறைய இருக்கும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், மேல்மண் காய்ந்த பிறகு அடித்துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். வழியும் தண்ணீர் உப்பையும் கொண்டுபோகும். கறுப்பு வாளி மொட்டை மாடி வெயிலில் வேரை வேகவைக்கும், சாக்கு சுற்றுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மதிய வெயில் படாத சுவரோரம் வையுங்கள். இளந்தண்டில் சுண்ணாம்பு பூசினால் வெயில் சுடாது. அனல்மின் நிலையச் சாம்பலும் லாரித் தூசும் இலையின் மேற்புறத்தில் படியும். மூச்சுத் துளைகள் அடிப்புறத்தில் மட்டும் இருப்பதால் செடி உடனே திணறாது, ஆனால் வெளிச்சம் குறையும். வாரம் ஒருமுறை இலையை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பும் சேர்ந்து போகும்.

பழம் கிடைக்குமா? கொட்டைச் செடி காய்க்க ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டுக்கு மேலும் ஆகும். ஒட்டுச் செடி மூன்று, நான்கு ஆண்டில் காய்க்கும். மலை இனங்கள் பூக்கக் குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து வேண்டும். சென்னையில் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. பூத்தாலும் ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரியும்: முதல் முறை பெண்ணாக, மூடி மறுபடி விரியும்போது ஆணாக. சில மரங்களில் காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். மற்றவற்றில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டு வகை மரமும் தேனீயும் பக்கத்தில் இருந்தால்தான் காய்ப்பு நிறையும். மாடியில் ஒற்றை மரத்திடம் பழத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மண்ணையும் தண்ணீரையும் பிள்ளைகளுக்குக் காட்டித் தர இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது, அதற்காகவே வளர்க்கலாம்.

தரையில் நட இடம் இருப்பவர்கள் மகிழமோ புன்னையோ நடுங்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததாகச் சொல்லப்படுவது அதன் அடியில்தான். உப்புக் காற்றை அறிந்த மரம் அது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. ஆடியில் நட்ட கொட்டை, விதையிலை தீர்ந்து சொந்த வேரில் நிற்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். முதல் மழையில் மாடித் தூசும் உப்பும் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். மூடி போட்ட இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை மாடிக் குழாயின் கீழ் வைத்துவிட்டு, பிறகு ஜூஸ் கடைக்குப் போய்க் கொட்டை கேளுங்கள்.